பத்தி மூன்று: திருச்சபை, அரசு, சேரி



கிறித்தவ நம்பிக்கைக்கும் அரசதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் இறையியல் கல்லூரிகளில் நிறையப் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் ரோமாபுரியில் தொடங்கி ஜெர்மனியில் முடித்துவிடுவார்கள். நான் மணவாள நகரிலிருந்து தொடங்குகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் 1997 ஜனவரி வரை செங்கல்பட்டு மாவட்டம். பறையர்களின் நிலம், குடிமனை, மதமாற்றம் மூன்றையும் பற்றிப் பிரிட்டிஷ் அரசும் கிறித்தவ மிஷன்களும் வெளிப்படையாக வாதாடிக்கொண்ட மாவட்டம் இதுதான். திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் இக்காடு அந்த வாதத்தில் ஒரு முக்கியமான ஊர். எனவே வெளிநாட்டு உதாரணங்களுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

முதலில் வேதாகமத்தில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறித்தவர் அல்லாத தோழர்களுக்கு இது தேவைப்படும்.

அரசைப் பற்றி வேதாகமம் ஒரே குரலில் பேசவில்லை. பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தின் 13ஆம் அதிகாரம் ஆளுகிறவர்களுக்கு அடங்கி நடக்கவும் வரி கட்டவும் சொல்கிறது. அதிகாரம் கடவுளிடமிருந்து வருவது என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளின் 5ஆம் அதிகாரத்திலோ, பேசக்கூடாது என்று ஆலோசனைச் சங்கம் தடை போட்டபோது, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவோம் என்று பேதுருவும் மற்றவர்களும் மறுத்துவிடுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் பேரரசே கடலிலிருந்து எழும்பும் மிருகமாகிவிடுகிறது. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவிடம் கேட்டார்கள். அவர் நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் யாருடைய உருவம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலை இரண்டாயிரம் ஆண்டுகளாக அவரவர் வசதிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இயேசு இறந்தது அரச தண்டனையில். சிலுவை ரோமானிய ஆளுநரின் உத்தரவு.

ஆட்சியில் இருப்பவர்களும் அவர்களோடு நெருக்கமாக இருந்த சபைகளும் பெரும்பாலும் ரோமர் 13ஐயே கையில் எடுத்தார்கள். ஜெர்மனியில் 1525இல் குடியானவர்கள் கிளர்ந்தபோது மார்ட்டின் லூத்தர் பிரபுக்களின் பக்கம் நின்றார். ஆன்மிக அரசு வேறு, உலக அரசு வேறு, இரண்டையும் குழப்பாதே என்ற அவருடைய போதனை லூத்தரன் மிஷனரிகளோடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. வந்தவர் அதை இங்கே எப்படி அனுபவித்தார் என்பது சுவையான கதை. 1706இல் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். அரசரின் பெயரால் வந்தவரையே அரசரின் ஆளுநர் ஹாசியஸ் 1708இன் கடைசியில் பிடித்து டேனிஷ் கோட்டையில் சில மாதங்கள் அடைத்து வைத்தார். கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். மிஷனரி ஏழைகளின் வழக்கில் தலையிடுவது அதற்கு இடைஞ்சல். இவ்வளவு துணிச்சல் காட்டிய மிஷன்தான் தன் கோயிலுக்குள் சூத்திரருக்கும் பறையருக்கும் தனித்தனி இருக்கை வைத்தது. ஆளுநரோடு மோதத் தயங்காதவர்கள் சாதியோடு மோதத் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்தை இன்றைய பேச்சு முழுக்க நீங்கள் பார்ப்பீர்கள்.

1838இல் சென்னை ராணுவத் தளபதி சர் பெரிக்ரின் மெய்ட்லண்ட் பதவி விலகினார். இந்துத் திருவிழாக்களுக்குக் கம்பெனிப் படை மரியாதை செய்வது தன் மனசாட்சிக்கு ஒவ்வாது என்பது அவருடைய காரணம். கிறித்தவ மனசாட்சி அரசோடு மோதிய சம்பவமாக இதை மிஷன் வரலாறுகள் பெருமையோடு சொல்கின்றன. எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. அதே ஆண்டுகளில் இதே செங்கல்பட்டில் ஆட்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் வந்தார்கள். அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று சொல்லும் சட்டம் 1843இல்தான் வந்தது. பண்ணையாள் முறைக்காகப் பதவியை விட்ட தளபதி யாரும் இல்லை.

ஊர்தான் அரசு

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம்.

செங்கல்பட்டில் மிராசு முறை பலமாக இருந்தது. ஊரின் விளைநிலம் மட்டுமல்ல, தரிசும் புறம்போக்கும்கூட ஒரு வகையில் மிராசுதாரர் பிடியில். பறையர் ஒருவர் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதாரர் முன்னுரிமை கோரி அந்த நிலத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். பயிர் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, அடுத்தவன் பயிர் செய்யாமல் தடுத்தால் போதும். சேரி நிற்கும் இடமும் பல ஊர்களில் மிராசுதாரர் உரிமை. வேலைக்கு வர மறுத்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், கிறித்தவனானாலும், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிட முடியும்.

யார் இங்கே அரசு? லண்டனில் ராணி இருந்தார். கோட்டையில் கவர்னரும் செங்கல்பட்டில் கலெக்டரும் இருந்தார்கள். சேரியில் இருப்பவர் பார்த்த அரசு மணியக்காரரும் கர்ணமும்தான். அவர்கள் ஊரின் ஆட்கள். மனுவை எழுதுவதும் விசாரிப்பதும் அறிக்கை அனுப்புவதும் அவர்களே. எனவே ரோமர் 13ஐச் சேரியில் வாசித்தால், அரசுக்கு அடங்கு என்பது ஊருக்கு அடங்கு என்றுதான் காதில் விழும். நம் இறையியல் நூல்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. அரசு ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம் என்று இரண்டு புள்ளி வைத்துக் கோடு போடுகிறார்கள். இங்கே மூன்றாவதாக ஊர் இருக்கிறது. சீசரின் நாணயத்தைச் சேரிக்குக் கொண்டுவருவதே ஊர்தான்.

1876–78 தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகு சேரி சேரியாகக் கிறித்தவத்துக்கு வந்தார்கள். இக்காட்டை மையமாக வைத்து வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் கௌடி வேலை செய்தார். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ. இவர்களிடம் வந்தவர்கள் ஜெபத்தோடு நிற்கவில்லை. குடிமனை வழக்கு, நிலத் தர்க்காஸ்து, கூலிப் பாக்கி, அடிதடி எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். மிஷன்களுக்குள் அப்போது ஒரு சங்கடமான விவாதம் எழுந்தது. இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, வயிற்றுக்காக வருகிறார்களா? சோற்றுக் கிறித்தவர் என்ற ஏச்சு அந்தக் காலத்துச் சரக்கு. உண்மையான மதமாற்றம் உள்ளத்தில் நடப்பது, நிலமும் கூலியும் உலக காரியம் என்று நினைத்தவர்கள் மிஷன்களில் நிறையப் பேர். சேரி மக்களுக்கு அந்தப் பிரிவினை புரியவில்லை. புரியாததற்குக் காரணம் அறியாமை அல்ல. கடவுளிடம் போனால் குடிசையைப் பிரிப்பான் என்கிற ஊரில், கடவுளும் குடிசையும் எப்படி வேறுவேறாக இருக்க முடியும்?

கௌடியும் ஆண்ட்ரூவும் அந்த விவாதத்தில் ஓரளவு சரியான பக்கம் நின்றார்கள். நிலத்தைப் பற்றி எழுதினார்கள், அரசுக்கு மனுக்கள் போட்டார்கள், சேரி மக்களுக்குக் குடியிருப்புகள் அமைத்தார்கள். ஆண்ட்ரூ உருவாக்கிய மெல்ரோசாபுரம் இன்றும் இருக்கிறது. அரசு தரப்பிலும் ஒருவர் இருந்தார்: கலெக்டர் ட்ரெமன்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி 1891இல் அவர் எழுதிய குறிப்பு நிலமின்மை, குடிமனை, மிராசு முன்னுரிமை, கல்வி எல்லாவற்றையும் தொட்டது. வருவாய் வாரியத்துக்கு அது பிடிக்கவில்லை. பறையர் நிலை அவ்வளவு மோசமில்லை, அரசு தலையிட்டால் கிராம ஒழுங்கு குலையும், வரி வசூல் கெடும் என்ற வகையில் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வருவது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைக்கும் நிலத்தைப் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் வேறு வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைப்புகள் நடந்தன. மாகாணம் முழுக்க அப்படிக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. இன்று எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மிஷனரிகளைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் அதே ஆண்டுகளில் தம் மக்களைத் தாமே திரட்டிக்கொண்டிருந்தார்கள். சீனிவாசன் இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1885இல் 'திராவிட பாண்டியன்' நடத்திய ஜான் ரத்தினம் கிறித்தவர். அவரும் பௌத்தரான அயோத்திதாசரும் சேர்ந்து வேலை செய்ய முடிந்தது. சேரிக்காரர் மனு கொண்டுபோனதால்தான் மிஷனரிக்கு நிலம் என்ற பிரச்சினையே தெரிந்தது. நிலக் கோரிக்கை முதலில் சேரியில் எழுந்தது, மிஷன் பங்களாவில் அல்ல.

கிறித்தவ அரசர் போட்ட விலக்கு

அடுத்த கட்டம் சட்டம். தலித் கிறித்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை என்பது எல்லோரும் அறிந்தது. அரசியல் சாசனத்தின் 341ஆவது பிரிவின்படி வந்த ஆணை அது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் சேர்த்துத் திருத்தினார்கள். 1956 அக்டோபரில் லட்சக்கணக்கான மக்களோடு பாபாசாகேப் பௌத்தம் தழுவினார். அந்த மக்கள் 1990 வரை, 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே.

பலருக்குத் தெரியாத விஷயம், விலக்கின் முதல் வடிவம் 1936ஐச் சேர்ந்தது என்பது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையிலேயே, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினர் அல்ல என்று எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான அரசரின் பெயரால் வந்த ஆணை. கிறித்தவர்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தனியாக இருக்கிறதே என்பது அன்றைய கணக்கு. ஒருவரை ஒரு பெட்டியில் மட்டுமே போட முடியும் என்று நிர்வாகம் நினைத்தது. சபைத் தலைமைகளுக்கும் அது உறுத்தவில்லை. கிறித்தவத்தில் சாதி கிடையாது என்று பிரசங்கம் செய்தவர்கள், பட்டியலில் எங்களைச் சேர் என்று எந்த வாயால் கேட்பார்கள்?

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அரசும் சபையும் ஒரே பொய்யைச் சொல்லின. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் தீண்டாமை கழுவப்பட்டுவிடும் என்பது அந்தப் பொய். அரசுக்கு அது செலவைக் குறைத்தது. சபைக்கு மானத்தைக் காப்பாற்றியது. நடைமுறையில் என்ன? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறித்தவர்கள் எதிர்த்தார்கள், பலர் சபையை விட்டே போனார்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிச் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டதும் ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தேவாலயத்துக்குள் தனி இடம் கேட்ட அவர்களின் உரிமைக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சபைக்குள் சமத்துவத்தை அந்த முறை அரச நீதிமன்றம்தான் காப்பாற்றியது. அரசு என்றாலே எதிரி, சபை என்றாலே விடுதலை என்று எளிமையாக்கும் தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நம் காலத்து நிகழ்ச்சி. இவ்வளவுக்கும் பிறகு கிறித்தவத்தில் சாதி இல்லை என்பதை அரசு எந்த ஆதாரத்தில் நம்புகிறது?

1985இல் ஒரு வழக்கு இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. சூசை என்பவர் சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். ஆதி திராவிடர், கிறித்தவரானவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து தைத்த இந்து ஆதி திராவிடருக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அதே தோல், அதே ஊசி, அதே வெயில். மதமாற்றத்துக்குப் பிறகும் அதே அளவுக்குக் கொடுமையான சமூக, பொருளாதார இழிவு புதிய மதத்திலும் தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று சொல்லி 1985 செப்டம்பர் 30இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. அந்த ஆதாரத்தைத் திரட்டித் தர வேண்டியவர்கள் யார்? சர்வே எடுக்க ஆளும் பணமும் பள்ளிகளும் அலுவலகங்களும் வைத்திருந்த சபைகள். ஒரு பங்க் கடைக்காக ஒரு தொழிலாளி டெல்லி வரை போனார். நூற்றைம்பது ஆண்டு ஆவணக் கிடங்கு வைத்திருந்தவர்கள் அவர் கையில் கொடுக்க வேண்டியதைத் தொகுத்து வைத்திருக்கவில்லை.

அதே 1985 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் கைரோஸ் ஆவணம் வெளியானது. நிறவெறி அரசை எதிர்த்த கருப்பினக் கிறித்தவர்களும் அவர்களோடு நின்றவர்களும் எழுதியது. ரோமர் 13ஐக் காட்டி அரசை நியாயப்படுத்துவதை அது அரச இறையியல் என்றது. சமாதானம், சமரசம், இரு தரப்பும் பேச வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதைச் சபை இறையியல் என்றது. இரண்டையும் மறுத்து, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று அநீதியைப் பெயர் சொல்லி அழைக்கும் தீர்க்கதரிசன இறையியலைக் கேட்டது. ஜெர்மனியில் ஹிட்லருக்கு எதிராக 1934இல் பார்மென் அறிக்கை வந்திருந்தது. அதுவும் சபை மீது அரசு கைவைப்பதை எதிர்த்ததுதான். ஆனால் யூதர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கைரோஸ் எழுதியவர்கள் அந்த இடத்தைத் தாண்டினார்கள். சபையின் சுதந்திரத்தை மட்டும் கேட்காமல் மக்களின் விடுதலையைக் கேட்டார்கள்.

நம் நாட்டுச் சபைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எல்லாச் சபைகளும் தெருவுக்கு வந்தன. வந்தது சரி, 2004 மே மாதம் அது ரத்தானதில் நமக்கும் மகிழ்ச்சி. சிறுபான்மைக் கல்வி நிறுவன உரிமையில், 30ஆவது பிரிவில் கைவைத்தால் இன்றும் வருவார்கள். கல்லறையில் சுவர் இருக்கிறது என்றால், பேராயரவையில் தலித் எத்தனை பேர் என்றால், நம் கல்லூரியில் தலித் கிறித்தவருக்கு எத்தனை இடம் என்றால், அது உள்விவகாரம், அமைதியாகப் பேசித் தீர்ப்போம் என்பார்கள். கைரோஸ் ஆவணம் சொன்ன சபை இறையியல் இதுதான்.

மாற்றுக் குரல் வராமல் இல்லை. அர்விந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியல் என்ற பெயரைக் கொடுத்து, சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென ஒரு துறையைத் தொடங்கினார். மதுரை அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு பறையோடும் நாட்டுப்புற மெட்டோடும் வழிபாட்டையே மாற்றி எழுதினார். 1990களில் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்த எம். அசரியா, சபைக்குள் சாதியைப் பற்றியும் அரசின் மூன்றாவது பத்தியைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசியவர். நம் திருவள்ளூர்ப் பகுதிச் சபைகளும் அந்தப் பேராயத்தில் அடங்கியவைதான். 2003 நவம்பரில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, சாதிப் பாகுபாட்டை நீக்குங்கள் என்று போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடமே சொன்னார். ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிப்பது இன்று பல சபைகளில் வழக்கமாகிவிட்டது.

நோக்கத்தை விசாரிப்பவர்கள்

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. அதன் காலக்கெடுவை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல், கிறித்தவரான ஆதி திராவிடருக்கும் பட்டியல் உரிமை கொடுக்கச் சாசனத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் கேட்கக் கூடாது, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது சாசனத்தை ஏமாற்றுவது என்றது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவரான பாதிரியார் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்றது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா திட்டுகிறான்?

1890களின் மிஷனரி கேட்டதும் 2024இன் நீதிமன்றம் கேட்பதும் ஒரே கேள்வி என்பதைக் கவனியுங்கள். நீ உண்மையாகவே நம்புகிறாயா, பலனுக்காகவா? இந்தக் கேள்வியை யாரும் மிராசுதாரரிடம் கேட்டதில்லை. நீ பக்தியால் கோயில் தர்மகர்த்தாவாக இருக்கிறாயா, கோயில் நிலத்துக்காகவா என்று எந்த நீதிமன்றமும் உள்ளத்தைத் தோண்டிப் பார்த்ததில்லை. நம்பிக்கையின் தூய்மையை நிரூபிக்க வேண்டியவர் தலித் மட்டும்தான். சாசனத்தின் 25ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுக்கிறது. நம் தரப்பில் அதற்கு ஒரு விலை ஒட்டப்பட்டிருக்கிறது: கல்லூரி இடம், வேலை, வன்கொடுமைச் சட்டம், தேர்தல் தொகுதி. திருவள்ளூர் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. பொன்னேரியும் பூந்தமல்லியும் தனித்தொகுதிகள். இக்காட்டுச் சேரியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்பதை வைத்து அவர் இங்கே வேட்புமனு போட முடியுமா என்று அரசு முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் கிறித்தவ ஆதி திராவிடர் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். சில கல்வி உதவித்தொகைகளை மாநில அரசு தன் நிதியிலிருந்து அவர்களுக்கும் கொடுக்கிறது. ஆனால் பி.சி.க்குள் நிலமும் கல்வியும் மூன்று தலைமுறையாக உள்ளவர்களோடு இவர்கள் போட்டி போட வேண்டும். அதனால்தான் ஒரே வீட்டில் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் தாசில்தார் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கின்றன. இதை இரட்டை வேடம் என்று சபையும் சொல்கிறது, அரசும் சொல்கிறது. அந்த வேடத்தைத் தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே.

இந்து ஆதி திராவிடத் தோழர்கள் சிலரிடம் ஒரு அச்சம் உண்டு. மிஷன் பள்ளிகளில் படித்து முன்னேறியவர்கள் உள்ளே வந்தால் நம் 18 சதவீதம் கரைந்துவிடும் என்கிறார்கள். மேடையில் இதைப் பேசாமல் தாண்டிவிடுவது நம் வழக்கம். அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். பங்கைக் கூட்டாமல் ஆளை மட்டும் கூட்டினால் அது அநீதி. எனவே மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டை உயர்த்து என்ற கோரிக்கையும் மூன்றாவது பத்தியை நீக்கு என்ற கோரிக்கையும் ஒரே மனுவில் இருக்க வேண்டும். தனித்தனியாக வைத்தால் நாம் ஒருவரோடொருவர் மோதுவதை ஊர் வேடிக்கை பார்க்கும். ஆயர்கள் டெல்லியில் உண்ணாவிரதம் இருக்கும்போது முதல் கோரிக்கை அவர்கள் பதாகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருப்பதில்லை. மற்றொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: அரசிடம் கேட்கும் விகிதத்தைச் சபை தன் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நியமனங்களில் முதலில் கொடுக்கிறதா? அதற்கு ஒன்றிய அரசின் அனுமதி தேவையில்லை.

காரணை

1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லிப் பாருங்கள். ஒன்று கிறித்தவப் பெயர், ஒன்று இந்துப் பெயர். 1892 அரசாணையின் நிலத்துக்காக நின்ற இருவரைச் சுட்ட துப்பாக்கி மதத்தைக் கேட்கவில்லை. 1950 ஆணை மட்டும் கேட்கிறது.

பாபாசாகேப் கிறித்தவ மதமாற்றத்தைப் பற்றி எழுதியபோது வைத்த குறை, கிறித்தவரான தீண்டப்படாதார் தம் உரிமைக்காக ஒன்றாகத் திரண்டு போராடவில்லை என்பது. காரணையில் அது ஓரளவு மாறியது. சபை வழியாக அல்ல, நிலத்தின் வழியாக.

மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலைகளை விட்டுச் செல்கிறேன். முதலாவது, நீங்கள் வசிக்கும் வருவாய்க் கிராமத்தின் 'அ' பதிவேட்டைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். டி.சி. என்று குறித்த சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இன்று அந்த எண்ணில் வீட்டு மனை இருக்கிறதா, குடோன் இருக்கிறதா, கம்பெனி காம்பவுண்டு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். தகவல் மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இரண்டாவது, பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கமிட்டிக் கூட்டக் குறிப்புகளையும் படிக்க அனுமதி கேளுங்கள். யாருக்குத் தனி இருக்கை, யாருக்குத் தனிக் கல்லறை, எந்தக் குடும்பம் எந்த ஆண்டு குடிசையிலிருந்து துரத்தப்பட்டது என்பதற்கான சுவடுகள் அவற்றில் கிடைக்கும். 1985இல் சூசையின் கையில் இல்லாதிருந்த ஆதாரம் இப்படிப்பட்டதுதான். அடுத்த விசாரணைக்கு முன் திருவள்ளூரிலிருந்து ஒரு தொகுப்பாவது தயாராக வேண்டும். பதிவேட்டைத் தர மறுக்கும் ஆயர்கள் இருந்தால் அந்தப் பெயர்களையும் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.